முதல் நாளே ஓடட்டும்

செயலி எழுதக் கற்க வரும் பிள்ளைகளில் பலர், நிரலின் முதல் வரிக்கு வந்துசேரும் முன்பே களைத்துப்போகிறார்கள். ஈப்போவில் வார இறுதி வகுப்பு எடுக்கும் எனக்கு இது தீராத வருத்தம். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தைவிட்டுப் பெயர்ந்தவர்கள் வாழும் தாமான்களிலிருந்தும் வருகிறார்கள். கையில் அண்ணனுடைய பழைய மடிக்கணினி இருக்கும். செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை இறக்கவே ஒரு ஜிபி அளவுக்கு டேட்டா போய்விடும். அதன்பின் எஸ்டிகே என்னும் கருவித்தொகுப்பு, கணினித் திரையில் கைப்பேசிபோல் ஓடும் எமுலேட்டர், கிரேடில் என்னும் தொகுப்புக் கருவி கேட்கும் கோப்புகள் என்று இன்னும் பல ஜிபி. குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும் என்கிறது கூகுள். அந்தக் கணினியில் இருப்பதோ 4. பொழுது சாயும்போது, "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்று மூடி வைத்துவிடுவார்கள். ஒரு வரிகூட எழுதிப் பார்க்காமல் தங்களைப் பற்றி இப்படித் தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதற்கு நான் நம்பும் வழி, வேண்டியவற்றை நிறுவித் தயாராக வைத்த மெய்நிகர் கணினி, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. அதை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் 2007 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குள் லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸை ஏற்றி, வேண்டிய மென்பொருள்களை நிறுவி, முழுக் கணினியையும் ஒரே ஓவிஏ கோப்பாக எடுத்துவிடலாம். பென்டிரைவில் கொடுத்தால் போதும். (எஃப்ஏடி32 வடிவில் உள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது; எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.) கணினியின் பயாஸ் அமைப்பில், இதற்கு வேண்டிய விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்திருக்கிறதா என்பதை மட்டும் ஆசிரியர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஸ்னாப்ஷாட் வசதி. நன்றாக ஓடும் நிலையைச் சேமித்து வைத்துவிட்டால், பிள்ளை எதை அழித்தாலும் கெடுத்தாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம். வீட்டுக்கே ஒரு கணினிதான். அது கெட்டால் அப்பாவிடம் பதில் சொல்ல வேண்டும் என்று அஞ்சும் பிள்ளை எதையும் தொட்டுப்பார்க்காது. அந்த அச்சம் போனபிறகு கைகள் துணிகின்றன, கேள்விகள் பிறக்கின்றன.

உள்ளே என்ன வைப்பது என்பதில் நிதானம் வேண்டும். மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியாக ஓடும் எமுலேட்டர், பழைய கணினியில் நகரவே நகராது. எஸ்டிகேயை நாமாகப் பகிர்ந்தளிக்கக் கூகுளின் உரிமமும் இடம் தருவதில்லை. ஐபோன் செயலிக்கான ஆப்பிளின் கருவிகள் மேக்கில்தான் ஓடும் என்பதால் அதற்கு இந்த வழியே கிடையாது. மேக் இயங்குதளத்தை ஆப்பிள் கணினிக்கு வெளியே ஓட்ட ஆப்பிள் அனுமதிப்பதில்லை. ஆகவே தொடக்கத்துக்கு, செயலி உருவாக்கும் எளிய கருவியான ஆப் இன்வென்டர். கூகுள் 2010இல் தொடங்கி, பின்னர் எம்ஐடி ஏற்று நடத்தும் திறந்த மூலத் திட்டம் அது. அதன் சர்வரை மெய்நிகர் கணினிக்குள்ளேயே ஓடவிடலாம். எழுதியது, துணைச்செயலி வழியாகப் பிள்ளையின் சொந்தக் கைப்பேசியில் உடனே தெரியும். முன்கூட்டியே நிறுவித் தரும் இந்த முறை புதிதல்ல. கேரள அரசின் கைட் நிறுவனம் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களை முன்னதாகவே சேர்த்த லினக்ஸைப் பள்ளிகளுக்குத் தருகிறது. அங்கே 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் பள்ளி மன்றங்களில் மாணவர்கள் செயலி செய்யப் பழகுகிறார்கள்.

தமிழ் விசைப்பலகையும் எழுத்துருக்களும் நம் மெய்நிகர் கணினியில் கட்டாயம் இருக்க வேண்டும். கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் செயலியை 2005இலேயே தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். நம் பிள்ளைகள் செய்யும் முதல் பொத்தானில் தமிழ் இல்லாமல் போகலாமா?

எல்லாம் தயாராகக் கொடுத்தால் நிறுவக் கற்கமாட்டார்களே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கற்பார்கள். தான் செய்த செயலி அம்மாவின் கைப்பேசியில் ஓடக் கண்ட பிள்ளைக்கு, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு மல்லுக்கட்டப் பொறுமை தானே வரும்.

கூட்டாகச் செய்தால் முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். மெய்நிகர் கணினி தயாரிக்க அவ்வளவு பணம்கூட வேண்டாம். பேராக் தமிழ்ப் பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் ஒன்றுகூடி, இப்படி ஒரு கோப்பைத் தமிழில் தயாரித்து, பள்ளிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.