கொழும்பு மழையும் ஒரு பன்னீர் ரோஜாவும்

கொழும்பில் ரோஜா வளராது என்று சொல்பவர்களை நாற்பது வருடங்களாகச் சந்தித்து வருகிறேன். அவர்களிற் பெரும்பாலானோர் நுவரெலியாவுக்குச் சுற்றுலா சென்று, ஹக்கல பூங்காவின் ரோஜாக்களிடம் மனதைப் பறிகொடுத்து, திரும்பும் வழியில் வீதியோரத்தில் இரண்டு செடிகளை வாங்கி வந்தவர்கள். செடி ஓரிரு மாதங்கள் பூக்கும். அடுத்த மழைக்காலத்தில் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு முள்ளுத் தடியாக நிற்கும். பழி கொழும்பு மண்ணின் மீது விழும்.

மண்ணை நோவதில் நியாயமில்லை. 1861 ஆம் ஆண்டு சிங்கோனா பயிரிடுவதற்கென ஆரம்பிக்கப்பட்ட ஹக்கல பூங்கா, கடல் மட்டத்திலிருந்து 1,700 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கின்றது. அங்கே இரவுகள் குளிர்ந்தவை. மொட்டு ஆறுதலாக விரிகிறது. ஆகவே பூ பெரிதாகவும் நிறம் ஆழமாகவும் அமைகின்றது. கொழும்பிலோ இரவும் வெக்கைதான். அதே செடியின் மொட்டு இங்கே அவசரமாக விரிந்து, சிறுத்து, வெளிறிப் போகும். இதை மாற்ற எவராலும் இயலாது. ஆனால் சிறிய பூ நோயல்ல. நோய் வேறு.

கரும்புள்ளி நோய் என்பதுதான் கொழும்பு ரோஜாவின் உண்மையான எதிரி. டிப்லோகார்பன் ரோசே என்ற பங்கசு அதற்குக் காரணம். இலையில் ஓரம் சிதறிய கரும்புள்ளிகள் தோன்றும்; சுற்றிலும் மஞ்சள் படரும்; பின்னர் இலை உதிரும். இந்தப் பங்கசின் வித்தி முளைத்து இலைக்குள் புகுவதற்கு, இலையின் மேல் ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் ஈரம் நிற்க வேண்டும். ஈரம் அதற்கு முன்னர் காய்ந்துவிட்டால் வித்தி தோற்றுவிடுகிறது. ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் நகரத்தில் ரோஜா வளர்ப்பவனின் வேலை முழுவதும் இந்த ஏழு மணித்தியாலக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

எனக்கு இதில் அக்கறை வந்தது அழகுணர்ச்சியினால் அல்ல. கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அம்மா வைத்த பன்னீர் ரோஜா ஒன்று நின்றது. சுவாமிப் படத்துக்கு வைக்கவென்று நாள்தோறும் அதில் பூப் பறிப்பார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அம்மா அந்த வீட்டை விட்டுப் புறப்பட்டார். திரும்பிச் செல்லாமலே கொழும்பில் காலமானார். 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் நான் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. செடி இருந்தது. பென்சில் பருமனில் மூன்று தடிகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, வவுனியா வழியாகக் கொண்டு வந்தேன். ஒன்று மட்டும் வேர் விட்டது. இரண்டு வருடங்களின் பின்னர் காணியைத் துப்புரவாக்கியவர்கள் தாய்ச் செடியைப் பற்றைகளோடு பற்றையாக வேருடன் பிடுங்கிவிட்டனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கண்ணுக்கு அது முட்செடி. வெள்ளவத்தையில் சீமெந்துச் சாடியில் நின்ற கன்று அன்றுடன் தனித்துப் போயிற்று.

யாழ்ப்பாணத்தின் காய்ந்த காற்றுக்குப் பழகிய செடி அது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் புள்ளி விழுந்தது. நான் ஆலோசனை கேட்டது கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளில் காலமெல்லாம் வேலை செய்த, மலையகத்திலிருந்து வந்த முதிய தோட்டக்காரர் ஒருவரிடம். ஆங்கிலப் புத்தகங்களைக் கேட்டிருந்தால் மார்ச் மாதத்தில் ஆழமாகக் கத்தரிக்கச் சொல்லியிருக்கும்; அது பனி உருகும் தேசத்துக்கான விதி. அவர் சாடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஐயா, மழை பெய்யுறத நிறுத்த முடியாது. நனைஞ்ச இலை சீக்கிரம் காயுற எடத்துல வைங்க" என்றார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாடி மொட்டைமாடியின் கிழக்கு மூலைக்குப் போனது. காலை வெயில் அங்கே முதலில் விழும். ஆறு மணித்தியாலமாவது நிலைக்கும். கடற்காற்றும் தடையின்றி வரும். அடைமழைக் காலத்தில் மட்டும் ஒளி ஊடுருவும் தகடொன்றை உயரத்தில் கட்டி, பக்கங்களைத் திறந்தே விடுகிறேன். தண்ணீர் விடியற்காலையில் வேரடிக்கு மாத்திரம். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் பத்திரிகைக்காரனுக்கு அது வசதியான நேரமே. அயலவர் ஒருவர் மாலையில் குழாயால் செடிகளைக் குளிப்பாட்டுவார். இலை விடியும்வரை ஈரமாயிருக்கும். அன்பின் மிகுதியால் செடியைக் கொல்லும் முறைகளில் இதைவிடச் சிறந்தது வேறில்லை!

சாடி மண்ணின் மேல் தென்னந்தும்பைப் பரப்பினால், மழைத்துளி மண்ணிலிருந்து வித்திகளை இலைக்குத் தெறிக்கச் செய்வது குறையும். புள்ளி விழுந்த இலையை அன்றே கிள்ளி வீட்டுக் குப்பையோடு சேர்த்துவிட வேண்டும். கூட்டெருக் குழியில் போடலாகாது. இங்கே செடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. ஆதலால் ஆழமாகக் கத்தரித்தால் அது இழக்கும் இலைகள்தான் இழப்பு. சனவரி, பெப்ரவரியில் மழை ஓயும் நாட்களில் மூன்றிலொரு பங்கை மட்டும் குறைத்து, நடுவில் காற்றுப் புகும்படி உள்நோக்கி வளரும் கிளைகளை அகற்றுவேன். பெருமழை பசளையைக் கழுவிச் செல்வதால் ஒரே தடவையில் அள்ளிப் போடுவதிலும் பயனில்லை. சிறிது சிறிதாக, அடிக்கடி.

2021 மே மாதம் இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தளர்த்தப்படும்வரை கடைகளில் பங்கசு நாசினி தேடி அலைந்தவர்கள் பலர். விவசாயிகள் பட்ட துன்பத்தோடு ஒரு ரோஜாச் சாடியை ஒப்பிடுவது அபத்தம். எனினும் அந்த மழையில் என் செடி மாட்டெருவையும் கிள்ளும் விரல்களையும் மட்டுமே நம்பி நின்றது. பாதி இலைகளை இழந்தது. தடி பச்சையாகவே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக வாங்குவோர் பளிச்சென்ற மஞ்சள் ரோஜாவைத் தவிர்ப்பது நல்லது. 1900 ஆம் ஆண்டு பிரான்சியரான பெர்னே-டூஷே அறிமுகப்படுத்திய 'சோலேய் டோர்' என்ற ரோஜாவின் வழியாகவே அந்த ஆழ்ந்த மஞ்சள் இன்றைய தோட்ட ரோஜாக்களுக்கு வந்தது. அந்த நிறத்தைக் கொடுத்த மூதாதையான ரோசா பெட்டிடா மேற்காசியாவின் வறண்ட நிலத்துச் செடி. கரும்புள்ளிக்கு எளிதில் இரையாவது. நிறத்தோடு அந்தப் பலவீனமும் சேர்ந்து வந்ததாக ரோஜா வளர்ப்போர் கூறுவர். நிறையச் சிறு பூக்கள் பூக்கும் சீன ரோஜா வகைகள் நம் கரையோர வெக்கையில் எவ்வளவோ மேல். கண்காட்சிக்கு உதவாது, வீட்டுக்கு உதவும்.

ஒரேயொரு செடியாக இருப்பதில் உள்ள பயம் என்னை விட்டு அகலவில்லை. கடந்த மார்கழியில் மறுபடி தடிகள் வெட்டி மணலும் தும்புச்சோறும் கலந்த சாடியில் ஊன்றியதில் இரண்டு வேர் பிடித்தன. ஒன்றைத் தங்கை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு சென்றாள். சென்ற வாரம் தொலைபேசியில், "அண்ணா, புள்ளி ஒண்டும் இல்லை. ஆனா இலை சாம்பல் பூத்த மாதிரி, அடியில நூல் கட்டியிருக்கு" என்றாள். சிவப்புச் சிற்றுண்ணி. காய்ந்த வெயிலில்தான் அது பெருகும். கொழும்பில் நான் செய்வதற்கு நேர்மாறாக, காலை வேளையில் இலைகளின் அடிப்புறம் நனையும்படி தண்ணீரை வேகமாக விசிறி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.