மயிலிட்டிக் கரையில் ஒரு வல்லூறு

சென்ற மார்கழி விடுமுறையில் மாணவர் சிலருடன் காங்கேசன்துறைக்குக் கிழக்கேயுள்ள மயிலிட்டித் துறைக்குச் சென்றிருந்தோம். கூரையிழந்த வீடொன்றின் சுவரிலிருந்து புறாக்கள் திடீரெனக் கலைந்தன. கருஞ்சாம்பல் முதுகும், கன்னத்தில் மீசை போன்ற கருங்கோடும் கொண்ட வல்லூறு ஒன்று சிறகொடுக்கிப் பாய்ந்தது. குறி தப்பியது, புறாக்கள் பிழைத்தன.

வடதுருவத்தை அடுத்த நாடுகளிலிருந்து மாரியில் நம் கரைக்கு வரும் பறவை இது. பாய்ச்சலில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரையும் கடக்கும். சீகிரியாக் குன்றில் கூடுகட்டும் பைரி இதன் உறவு. அது நாடு விட்டுப் போவதில்லை.

இவ்வினத்தையே அரேபியரும் மொகலாயரும் வேட்டைக்குப் பழக்கினர். கண்ணை மறைக்கத் தோற்குல்லாயிட்டு, காலில் வார் கட்டி, கையுறைமீது இருத்தி, இரைகாட்டிப் பழக்குவர். ஆணினும் பெரிய பெண்பறவைக்கே மதிப்பு அதிகம். பறக்கக் கற்பிப்பதன்று அக்கலை. அவிழ்த்துவிட்ட பறவையைத் திரும்பிவரக் கற்பிப்பதே. யுனெஸ்கோ நிறுவனம் 2010இல் இதனை மானிடப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இதனை மாணவர்க்கு விளக்குகையில், அருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் சிரித்தார். “எங்களுக்கு ஆர் மாஸ்டர் பழக்கினது?” என்றார்.

1990 ஆனியில் ஊரைவிட்டு ஓடியவர் அவர். துறை விடுவிக்கப்பெற்ற 2017 ஜூலை 3 வரை, 27 ஆண்டுகள் காத்திருந்தவர். எல்லார் காணியும் அன்று கிடைத்துவிடவில்லை. அவர் வீடு நின்ற இடத்தில் கிணறு மட்டும் எஞ்சியிருந்தது. நாம் அதில் நீர் அள்ளிக் குடித்து விடைபெற்றோம்.