எந்த வரிசை பள்ளம்?

2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை காலை. பெங்களூரில் நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது தூத்துக்குடியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. கிட்டங்கி மேற்பார்வையாளர். பின்னால் மழை கொட்டும் சத்தம். "சார், தண்ணி உள்ள வந்துட்டு. கெண்டைக்கால் அளவு நிக்கி. எந்த வரிசை பள்ளம், எத மொதல்ல தூக்கணும்னு சிஸ்டத்துல பாத்துச் சொல்லுங்க."

லேப்டாப்பைத் திறந்தேன். எல்லாத் தரவும் கிளவுடில் பத்திரமாக இருந்தது. எந்த மூட்டை எந்த வரிசையில் இருக்கிறது, எடை எவ்வளவு, எந்தக் கண்டெய்னரில் வந்தது, எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று எதைக் கேட்டாலும் அரை நொடியில் வரும். ஆனால் எந்த வரிசையின் தரை தாழ்வு என்று சொல்ல ஒரு கட்டம்கூட அதில் இல்லை. அப்படி ஒன்றைக் கேட்டு வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அண்ணாச்சிய கேளுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி அந்த வேலையை விட்டுப்போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் போனதற்கு நான்தான் காரணம். பேச்சு பாதியில் அறுந்தது. அடுத்த மூன்று நாள் லைன் கிடைக்கவில்லை.

அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. தாமிரபரணி கரை மீறி, குளங்கள் உடைந்து, தூத்துக்குடிக்குள் வந்த வெள்ளம் பல தெருக்களில் நாள்கணக்கில் வடியவில்லை. மனிதர்கள் மொட்டைமாடியில் நின்ற நேரத்தில் மூட்டைகளைப் பற்றி எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பங்கு உள்ள சேதம் அந்த மூட்டைகளில்தான் இருந்தது.

*

2022 தொடக்கத்தில்தான் முதன்முதலாக அந்தக் கிட்டங்கிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் குடோன் என்று சொல்வோம், தூத்துக்குடியில் கிட்டங்கி. கோடவுன் என்ற ஆங்கிலச் சொல்லே நம் கிடங்கிலிருந்து மலாய் வழியாகப் போனது என்று ஒரு கருத்து உண்டு. துறைமுகச் சாலையில் உப்பளங்களைத் தாண்டி, தகரக்கூரை போட்ட நீளமான கட்டடம். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பச்சை முந்திரிக்கொட்டை, ஏற்றுமதிக்குப் போகும் தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், கிரானைட் பலகைகள், பிறகு 'திருநெல்வேலி சென்னா' என்று மருந்து வியாபாரத்தில் உலகம் அறிந்த நிலாவாரை இலை.

முதலாளி என்னைவிட ஐந்தாறு வயதே மூத்தவர். அப்பா நடத்திய தொழிலை நவீனமாக்கவேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டார். பார்கோடு, கையடக்க ஸ்கேனர், கிடங்கு மேலாண்மை மென்பொருள், சுவரில் பெரிய டிவியில் டாஷ்போர்டு. பணம் செலவழிக்க அவர் தயங்கவே இல்லை. பட்ஜெட்டில் பயிற்சி என்ற வரிக்கு எதிரே மட்டும் 'இரண்டு நாள்' என்று இருந்தது. அந்த வரியை எழுதியவன் நான்.

அண்ணாச்சி அங்கே டேலி எழுதுகிறவர். முப்பது வருடத்துக்கு மேலான சர்வீஸ். நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு எப்போதும் கக்கத்தில் இருக்கும். அவர் வரிசைகளுக்கு எண் வைத்திருக்கவில்லை. 'வேப்பமர மூலை', 'தராசுப் பக்கம்', 'பழைய ஆபீஸ் முதுகு' என்று பெயர்தான் வைத்திருந்தார். லோடுமேன்கள் எல்லோரும் அந்தப் பெயர்களில்தான் பேசினார்கள். நான் வந்து அவற்றை ஏ-01, பி-07 என்று மாற்றினேன். ஸ்கேனர் திரையில் எல்லாம் ஆங்கிலம். முதல் வாரத்திலேயே உப்புக்காற்றிலும் சாக்குத் தூசியிலும் ஸ்டிக்கர்கள் உரிந்து விழுந்தன. அதற்கு நல்ல பசை தேடிக் கண்டுபிடித்தேன். அந்த வெற்றியைப் பற்றி லிங்க்ட்இன்னில்கூட எழுதினேன்.

நான் கண்டுபிடிக்காத சிக்கல் ஒன்று இருந்தது. லோடுமேன்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கண்டெய்னர் முந்திரிக்கொட்டையில் எண்பது கிலோ சாக்கு இருநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாக்கை ஸ்கேன் செய்ய ஆறு நொடி. இருநூறுக்கு இருபது நிமிடம். நாளைக்கு நாலு கண்டெய்னர் இறக்கினால் எண்பது நிமிடம். அந்த எண்பது நிமிடத்துக்கு யாரும் கூலி தரவில்லை. முதலாளிக்குக் கிடைத்த துல்லியத்தின் விலையில் ஒரு பகுதியைச் சுமை தூக்குகிறவர்கள் தங்கள் பையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பத்து மூட்டைக்கு ஒரு தடவை ஸ்கேன் செய்ய ஆரம்பித்ததும், 'பயனர் ஒத்துழைப்பு குறைவு' என்று அறிக்கையில் எழுதினேன்.

அதே அறிக்கையில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று: தெற்கு வரிசைகளில் வாசலுக்கு அருகிலேயே இடம் இருந்தும் இலை மூட்டைகளை வடக்குக் கோடி வரை சுமந்து செல்கிறார்கள்; இது திறனற்ற இட ஒதுக்கீடு. இரண்டு: கையெழுத்துப் பதிவேடு இனித் தேவையில்லை; இரண்டு பணியிடங்களைக் குறைக்கலாம்.

முதல் வரிக்காக நான் ஒரு விதி எழுதினேன். வரும் சரக்கு வாசலுக்கு மிக அருகில் காலியாக உள்ள இடத்துக்குப் போகும். நடை குறைந்தது. டாஷ்போர்டில் பச்சைக்கோடு ஏறியது. இரண்டாவது வரியால் அண்ணாச்சி அக்டோபரில் போனார்.

*

இந்த ஊருக்குத் தரம்பிரிப்பதும் கணக்கு வைப்பதும் நான் கொண்டுவந்து கொடுத்தவை அல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். பத்துச் சல்லடை கொண்ட அடுக்கு. முதல் சல்லடையில் 20 துளை, பிறகு 30, 50 என்று கூடிக்கொண்டே போய்க் கடைசியில் 1000 துளை. இருபது துளைச் சல்லடையில் தங்குவது பெருமுத்து. சல்லடை அளவை மட்டும்தான் சொல்லும். ஒளி எப்படி, உருட்சி எப்படி என்று பார்த்து விலை வைக்க ஒரு மனிதக் கண் வேண்டும். சல்லடை வாங்கியதால் அந்தக் கண்ணை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 1961உடன் முத்துக்குளிப்பு நின்றுபோனது. சல்லடையும் கண்ணும் சேர்ந்தே போயின.

இயந்திரம் வரும்போது மனிதனை என்ன செய்வது என்ற கேள்வியும் துறைமுகங்களுக்குப் புதிதில்லை. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. டன்னுக்கு ஐந்தரை டாலருக்கு மேல் ஆன ஏற்றுக்கூலி 16 சென்ட் அளவுக்கு இறங்கியது. கண்டெய்னர் உலகத்தை மாற்றிய கதையாக இதை எல்லோரும் சொல்வார்கள். 1960இல் அமெரிக்க மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் முதலாளிகளோடு போட்ட ஒப்பந்தத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுவார்கள். இயந்திரங்களை அனுமதிக்கிறோம், பதிலுக்கு வேலைப் பாதுகாப்புக்கும் ஓய்வுத்தொகைக்குமாக ஒரு நிதியை வையுங்கள் என்பது பேரம். முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் அந்த நிதியில் போட்டார்கள். அதில் குறைகள் இருந்தன, பின்னாளில் வேலைநிறுத்தங்களும் வந்தன. ஆனாலும் இயந்திரத்துக்கும் ஆளுக்கும் ஒரே மேசையில் கணக்குப் போட்டார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டியதுகூட இல்லை. இந்தத் துறைமுகத்துக்கே பெயராக இருக்கும் வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்காகப் பங்கு திரட்டினார். கப்பல் அன்றைக்கு ஆகப்பெரிய தொழில்நுட்ப முதலீடு. அதே மனிதர்தான் 1908இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு ஜெயித்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் கப்பலை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

*

ஜனவரியில் தூத்துக்குடி போனேன். கிட்டங்கியில் புளித்த நாற்றம் இன்னும் போகவில்லை. அதிகம் அழிந்தது நிலாவாரை இலை. எல்லாம் தெற்கு வரிசைகளில் இருந்தவை. வாசலுக்கு மிக அருகில் காலியாக உள்ள இடம்.

அன்று சாயங்காலம் விசாரித்துக்கொண்டு திரேஸ்புரத்தில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பழைய சம்பளத்தைவிடக் குறைவு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கருப்பட்டிக் காபி வந்தது.

"தெக்குப் பக்கம் பொறவு கட்டுனது தம்பி. உப்பளத்துல மண்ணடிச்சு நிரப்புன எடம். வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அங்க நான் கல்லுதான் வைப்பேன், எல வைக்க மாட்டேன்."

"ஏன் அண்ணாச்சி அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியே. நோட்ட வாங்கி போட்டோ எடுத்திய. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். உள்ளறையிலிருந்து ஒருவர் சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அண்ணாச்சியின் அண்ணன். சங்குகுளிக்கப் போனவர். முன்பெல்லாம் மூச்சடக்கித்தான் மூழ்குவார்கள். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். உயிர் அந்தக் கையில் இருப்பதால் மச்சினன்தான் கயிறு பிடிக்கவேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். பிறகு கம்ப்ரசர் வந்தது. வாயில் ஒரு குழாய், படகில் ஒரு இன்ஜின்.

"மெஷின் வந்தது தப்பில்ல" என்றார் அண்ணாச்சி. "நெறைய சங்கு கெடச்சுது. எவ்வளவு ஆழத்துல எவ்வளவு நேரம் கெடக்கலாம், எப்படி நின்னு நின்னு மேல வரணும்னு ஒருத்தனும் சொல்லிக்குடுக்கல. அண்ணன் ஒரு நாளு வெருசா மேல வந்துட்டான். அன்னையோட காலு போச்சு." அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அண்ணனை அறிமுகம் செய்துவைத்தார், அவ்வளவுதான்.

*

பெங்களூர் திரும்பிப் புதிதாக ஒரு திட்டம் எழுதினேன். ஸ்கேன் செய்யும் நேரத்துக்கு மூட்டைக்கூலியோடு சேர்த்துக் காசு. திரையில் தமிழ், கூடவே பழைய வரிசைப் பெயர்கள். பயிற்சி இரண்டு நாளுக்குப் பதில் இரண்டு மாதம், வேலை நேரத்திலேயே, கூலியோடு. லோடுமேன் ஒருவர் 'இது தப்பு' என்று அழுத்த ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சிஸ்டத்தின் முடிவு நிற்கும், காரணம் பதிவாகும். நடந்ததில் என் அறிக்கையின் பங்கையும் முதலாளிக்கு எழுத்தில் சொன்னேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு மூன்றை ஒத்துக்கொண்டார். பயிற்சியை மூன்று வாரமாகக் குறைத்தார். நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாச்சியைத் திரும்ப வரச்சொல்லிக் கேட்டோம். மாட்டேன் என்றுவிட்டார். ஆறு சனிக்கிழமை மட்டும் வந்தார், அதற்குரிய சம்பளத்தோடு. லோடுமேன்கள் நாலைந்து பேர் சுற்றி நிற்க, வரிசை வரிசையாக நடந்து சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். இங்கே கூரை ஒழுகும். இங்கே மேற்கு வெயில் அடிக்கும், முந்திரி வைக்காதே. இங்கே எலி. நான் பின்னால் நடந்து டைப் செய்தேன். டேட்டாபேஸில் ஒரு கட்டத்துக்குப் 'பள்ளம்' என்றே பெயர் வைத்தேன். அணியில் ஒரு பையன் ஆங்கிலத்துக்கு மாற்றலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

கடைசிச் சனிக்கிழமை நோட்டை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். கக்கத்திலிருந்து எடுத்தார், யோசித்தார், திரும்ப வைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்டயே கெடக்கட்டும் தம்பி. சந்தேகம்னா போன் போடுங்க. கேட்டாச் சொல்லுதேன்."