தாத்தாவின் கல்லில் ஒட்டியிருந்தது

தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டியோடு ஒரு கல்லும் இருந்தது. கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் முதுகுபோல வளைந்து மூக்கு உள்ளே சுருண்டிருக்கும். மறுபக்கம் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். அந்தக் குழிக்குள் ஒரு வெள்ளைக் குழல் வளைந்து வளைந்து ஒட்டிக் கிடந்தது. அப்பா அதை வேர் என்றார். அம்மா நத்தை என்றார். பூச்சோங் வீட்டுச் சாமிமேடையில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது. யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

போன வருஷம் வேலை ஓய்வு பெற்றதும் அப்பா, "ஊர ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்டா" என்று ஆரம்பித்தார். எந்த ஊர்? தாத்தா 1937-இல், பத்து வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். வீட்டிலிருக்கும் பழைய காகிதத்தில் 'திருச்சி ஜில்லா' என்று மட்டும் இருக்கிறது. அன்றைய திருச்சி ஜில்லாவில் கரூரும் உண்டு, பெரம்பலூரும் அரியலூரும் உண்டு. தாத்தா சொல்லவில்லை என்பார் அப்பா. நாங்கள் கேட்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளன். வார்ப்பில் விரிசல் பார்ப்பது பிழைப்பு. ஒருநாள் வேலை முடிந்ததும் கல்லை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். அம்மா சொன்னது முழுத் தவறில்லை. வெர்மெட்டிட் என்றொரு நத்தை இப்படித்தான் குழல் கட்டி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதன் ஓடு மூன்று அடுக்கு, உட்புறம் பளபளக்கும். செர்புலிட் என்ற கடல்புழுவும் சுண்ணாம்பில் குழல் கட்டும். அது இரண்டு அடுக்கு, உட்புறம் மங்கல். நம் குழல் ஒரு முனையில் உடைந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. இரண்டு அடுக்குதான். பளபளப்பும் இல்லை, ஆனால் இவ்வளவு பழைய கல்லில் அதை எப்படி நம்புவது?

முடித்து வைத்தது அம்மா. ஞாயிற்றுக்கிழமை கூப்பாங் கழுவிக்கொண்டிருந்தவர், "டேய், இங்க வா லா. உன் புழு இதுலயும் இருக்கு" என்றார். பச்சை ஓட்டின்மேல் அதே வெள்ளைக் கோணல் குழல். நான் பார்த்து முடிப்பதற்குள் கத்தியால் சுரண்டிப் போட்டுவிட்டார்.

சந்தோஷமாக நிலவியல் படித்த நண்பனுக்குப் படம் அனுப்பினேன். "ஒட்டியிருக்கறத விடு. அது எல்லாக் கடல்லயும் இருக்கும். எதுல ஒட்டியிருக்குன்னு பாரு" என்றான். மூன்று வாரம் நான் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன்.

ஒட்டியிருந்தது ஒரு சிப்பியில். கிரைஃபியா. இங்கிலாந்தில் இந்த இனத்தைச் சாத்தானின் கால்நகம் என்பார்களாம், பார்த்தால் தெரியும். செக் நாட்டில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்தபோது, தென்னிந்தியக் கிரெட்டேசியக் காலச் சிப்பிகளைப் பற்றி 1871-இல் ஒரு பெரிய தொகுதியே எழுதினார். மூன்று வருஷம் கழித்து லடாக் மலையில், 36 வயதில், இறந்துபோனார். அவர் எழுதிய சிப்பிகள் பெரும்பாலும் அரியலூர், பெரம்பலூர், ஊட்டத்தூர் பக்கத்துக் கல்லில் கிடைத்தவை. கரூர்ப் பக்கம் கடலே வராத பழம்பாறை. அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லிலோ கிரைஃபியா அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஏறக்குறைய 7 கோடி வருஷம்.

சிறுவன் ஊர் எல்லைக்கு வெளியே எங்கோ பொறுக்கியிருக்கலாம். ஊர் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு ஜில்லா சுருங்கி, ஒரு சுற்றுவட்டாரம் ஆகிவிட்டது.

புழுவை முழுசாக விட்டுவிடவும் மனசில்லை. அது சிப்பியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. சிப்பி உயிரோடிருந்தால் அங்கே இடம் கிடைக்காது. உள்ளே இருந்தது செத்து, ஓடு திறந்து கிடந்த பிறகுதான் புழு வந்து குடியேறியிருக்க வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டமாதிரி தெரியவில்லை. கைபேசியில் அரியலூர் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். ஊரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பள்ளங்கள்.

"இது என்னாடா?"

"சிமெண்டுக்கு வெட்டுன சுரங்கம்பா. அந்தச் சுண்ணாம்புக்கல்லுதான்."

"நம்ம வீடு இதுக்குள்ள போயிருக்குமா?"

தெரியலப்பா என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். படம் மங்கியது.

திருச்சிக்கு நேர் விமானம் நாலு மணி நேரம்தான். ஜனவரிக்கு மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன். வெயில் குறைவாக இருக்கும். கல்லைக் கொண்டுபோவதா வேண்டாமா என்று அம்மாவும் அப்பாவும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.