இளநீர் மட்டும் போதாது

பிரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ரைடில் 200 கி.மீ. தூரத்தை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எந்த சைக்கிள், எந்த டயர் என்றுதான் கேட்கிறார்கள். சட்டைப் பையில் சாப்பிட என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதே என் முதல் கேள்வி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் ஏறியதும், மரக்காணம் தாண்டுவதற்குள் பலருடைய ஜெர்சி முதுகில் வெள்ளைக் கோடுகள் படிந்திருக்கும். வியர்வையில் வெளியேறிய உப்பு அது. அதை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. இளநீர் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. அதனால் ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். வழியில் உப்புப் போட்ட மோர் கிடைத்தால் விடவே மாட்டேன்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. தசையில் சேமித்த கிளைகோஜன் தீர்ந்துபோனால் கால் சுத்தமாக மிதிக்காது. அப்புறம் சாப்பிட்டாலும் உடனே தெம்பு வராது. ஆகவே பசிக்கும் முன்பே, முதல் மணி நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள். மதியம் பரோட்டா, பிரியாணி வேண்டாம். எண்ணெய் செரிக்க நேரமாகும். இட்லியோ தயிர்சாதமோ அளவாகப் போதும்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். புதிதாக வாங்கிய எனர்ஜி ஜெல்லை ரைடு அன்று முதன்முதலாகப் பிரிக்காதீர்கள். பயிற்சியின்போதே சாப்பிட்டு, வயிறு ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.