யட்டியாந்தோட்டை ரேடியோ பாஸ்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்த சப்பிரகமுவ மாகாணத்திலே உலோகத்துக்கு ஆயுள் குறைவு. தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மலைச்சரிவுகள் மறித்து வாங்கிக்கொள்ளும் அந்தப் பிரதேசத்தில், கூரைத் தகரம் துருவேறுவதையும், புத்தக அட்டைகளில் பூஞ்சணம் படர்வதையும், சுவர்க் கடிகாரம் காரணமின்றி நின்றுவிடுவதையும் கண்டு பழகிய குடிகள், தங்கள் வீட்டு ரேடியோப் பெட்டி ஒரு வைகாசி மாதத்து இரவிலே கரகரத்து ஓய்ந்துபோகும்போதும் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை; அதைச் சாக்கிலே சுற்றி, பஸ்ஸிலே ஏற்றி, ரேடியோ திருத்துகிற, ஊரறிந்த பாஸ் ஒருவரிடம் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். வந்தார்கள் என்று இறந்தகாலத்திலே சொல்வதுதான் இன்றைக்குப் பொருத்தம். அத்தகைய பாஸ் ஒருவர் இன்னமும் கடை திறந்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டே நான் யட்டியாந்தோட்டைக்குப் பிரயாணமானேன்.

அவிசாவளையில் பிரிந்து ஹட்டனுக்கு ஏறும் தெருவிலே, களனி கங்கையை ஒட்டி அமைந்த சிறு பட்டினம் அது. களனிவெளிச் சிறு ரயிலின் ஒரு கிளை முற்காலத்திலே அங்கேதான் வந்து முடிந்தது. 1942இல், யுத்த காலத்திலே, அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். சுற்றிலும் இறப்பர், மேலே ஏற ஏறத் தேயிலை. கைத்தொலைபேசிக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளுக்கிடையே ஒன்றரைக் கதவு அகலத்தில் ஒரு பலகைக் கடையும், அதனுள்ளே எழுபது வயதை அணுகிய ஒரு மனிதரும், அவரிடம் தொழில் பழகும் பையன் ஒருவனும் இருந்தார்கள். தெஹியோவிட்டைக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்திலே பிறந்தவர், தாயார் பால்வெட்டினவர், பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டு, அவிசாவளையில் சிங்கள ரேடியோ பாஸ் ஒருவரிடம் கூட்டித் துடைக்கிற பிள்ளையாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றவர். ஒரே வாக்கியத்திலே தமிழும் சிங்களமும் கலந்து வாடிக்கையாளரோடு பேசுகிறார். பையன் அவரைப் ‘பாஸ்’ என்கிறான். அவர் என்னை ‘ஐயா’ என்றார், நானும் அவரை அப்படியே அழைத்தேன்.

நான் போன வேளையில் அவருடைய மேசையிலே கிடந்தது வெறுமனே கேட்கிற ரேடியோ அன்று. கேட்கவும் பேசவும் வல்ல, வீட்டிலே ஓரிடத்தில் நிலையாக வைத்துப் பாவிக்கிற பழைய சீ.பீ. பெட்டி. பொதுமக்கள் தமக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று அமெரிக்க அரசாங்கம் 1958இல் 27 மெகாஹேர்ட்ஸ் பகுதியிலே ஒதுக்கிக் கொடுத்த அலைவரிசைக்கு உரிய சாதனம் அது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின் போது எங்கே பெற்றோல் கிடைக்கும், எங்கே பொலிஸ் நிற்கிறது என்று லொறிச் சாரதிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதனாலே பிரசித்தி பெற்று, 23 சனல்கள் போதாமல் 1977 ஜனவரி முதல் 40 சனல்களாக விரிந்த அந்த அலைவரிசையில், அனுமதிக்கப்பட்ட வலிமை 4 வாட் மாத்திரமே. அதாவது ஒரு சைக்கிள் விளக்குக்குப் போதுமான சக்தி.

அது நம்முடைய மலைநாட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். தோட்டத்துப் பங்களா ஒன்றின் பழஞ்சாமான்கள் விலைபோனபோது, கேகாலைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாங்கினாராம். அவர் அனுமதிப்பத்திரம் பெற்ற வானொலி ஆர்வலர். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி உடையவர். பெட்டியைச் சீராக்கி, ஆர்வலர்களுக்கு உரிய 28 மெகாஹேர்ட்ஸ் பகுதிக்கு மாற்றிக்கொள்ளுவது அவருடைய உத்தேசம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி இத்தகைய சாதனத்தை இயக்குவது குற்றமாதலால், பாஸும் அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கண்ணால் பார்த்த பிறகே பெட்டியைக் கையேற்றிருக்கிறார்.

கையேற்றவுடன் அவர் கேட்ட முதற் கேள்வி, என்ன பழுது என்பதன்று. “இதுக்கு முந்தி யாரு கை வச்சாங்க?” என்பதே. ஏன் அப்படி என்று விசாரித்தேன்.

“கெட்டுப்போன சாமானத் திருத்திப்புடலாம் ஐயா. திருத்திக் கெடுத்த சாமானத் திருத்துறதுதான் பெரும்பாடு.”

மூடியைக் கழற்றினார். உள்ளே கரப்பான் முட்டைக் கூடுகள், பல்லியின் எச்சம், பூஞ்சணம். தேயிலைத் தொழிற்சாலையிலே டீ மேக்கர் புளிக்கவைத்த கொழுந்தைக் கையிலள்ளி மூக்கருகே கொண்டுபோவதுபோல, டிரான்ஸ்போமரின் மேல் குனிந்து மூச்சை இழுத்தார். “கருகல” என்றார். பிறகு சுவரிலே தொங்கிய பலகையைக் கீழே இறக்கினார். ஒரு 60 வாட் பல்பும் ஒரு பிளக் குழியும் பொருத்திய பலகை அது; அதிலே செருகும் எந்தச் சாதனமும் பல்பின் வழியாகவே மின்சாரம் பெறும். உள்ளே எங்கேனும் ‘ஷோர்ட்’ இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து பெட்டியைக் காப்பாற்றிவிடும். எல்லாம் ஒழுங்கென்றால் ஒரு தரம் மினுக்கி மங்கிப்போகும். பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியது. நம்முடைய மின்சாரம் 230 வோல்ட். ஆகவே நடுவிலே குறைக்கிற டிரான்ஸ்போமரையும் வைத்து, சுவிட்சைப் போட்டார்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. அவருக்கு அதிலே திருப்தி என்றே தோன்றியது. ஏனெனில் முற்றிலும் ஊமையான பழுதைக் காட்டிலும், இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளும் பழுது தேடுவதற்கு இலேசானது. மாறும் மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கும் நான்கு டயோடுகளில் ஒன்று இரு திசையும் கடத்திக்கொண்டிருப்பதை மீட்டர் காட்டிற்று. ஒன்றை மாற்றாமல் நான்கையும் மாற்றினார். பக்கத்திலே தலை உப்பியிருந்த பெரிய கண்டென்சரையும் எடுத்துவிட்டார். அதன் அடியிலே பலகை முழுவதும் பிசுபிசுத்த நீர் கசிந்து செப்புத் தடங்களைப் பச்சையாக்கியிருந்தது. பையன் பழைய பற்தூரிகையினாலும் ஸ்பிரிட்டினாலும் அதைச் சுத்தம் செய்தான். அடுத்த தரம் பல்பு மினுக்கி மங்கியது, மீட்டர் 13.8 வோல்ட் காட்டியது. ஸ்பீக்கரில் மட்டும் சப்தமில்லை.

சூட்டுக்கோல் மறுபடி காய்கிற இடைவேளையிலே அவர் பழைய கதை சொன்னார். அவர் தொழில் பழகிய நாளில் மின்சாரமில்லாத லயங்களிலே பற்றரியில் இயங்கும் வால்வு ரேடியோக்கள் இன்னும் சில மிஞ்சியிருந்தன. நான்கு சிறு வால்வுகள். அவற்றின் இழை காய்வதற்கு ஒன்றரை வோல்ட், மற்ற வேலைக்குத் தொண்ணூறு வோல்ட். இருட்டிலே ஒருவன் வயரை மாற்றிச் செருகிவிட்டால் நான்கு வால்வும் ஒரே கணத்திலே போய்விடும். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளமும் அதோடு போகும். கணக்கப்பிள்ளை வீட்டு வாசலிலே பெட்டியை வைத்து, பிரட்டுக்களத்துக்குத் திரளுவதுபோலத் திரண்டு, இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் அறிவிப்பாளர் மயில்வாகனனுடைய குரலைக் கேட்ட தலைமுறை அது. கரையோரத்திலே ஏக்கலையில் நிறுவிய சிற்றலை நிலையம் தமிழ்நாட்டையே கேட்கவைத்த காலத்தில், அதற்கு எதிரே மலைச்சரிவிலே இருந்தவனுக்கு மட்டும் பற்றரி தீர்ந்தால் உலகம் மூடிக்கொண்டது.

இந்நாட்டு வானொலியே உடைந்த சாமான்களிலிருந்து பிறந்தது என்பதை அவருக்கு நான் சொன்னேன். தந்தித் திணைக்களத்துப் பிரதம எஞ்சினியர் எட்வேர்ட் ஹார்ப்பர், முதலாம் உலக யுத்தத்திலே பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி சமைத்து, கொழும்புத் தந்தி அலுவலகத்துச் சிற்றறையிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக அனுப்பினார். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. பாஸ் சிரித்து, “அப்ப அந்தத் தொரையும் நம்ம ஆளுதான்” என்றார்.

ஈரம் இந்தத் தொழிலுக்குச் சத்துருவும் சம்பளம் கொடுக்கும் எசமானும் ஆகும். வால்வு ரேடியோவிலே ஒலியைப் பெருக்கும் கடைசி வால்வுக்கு முன்னால் மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சர் ஒன்று உண்டு. நேர் மின்னோட்டத்தைத் தடுத்து ஒலியை மாத்திரம் கடத்துவது அதன் வேலை. காகிதம் ஈரத்தை உறிஞ்சினால் தடுப்புக் கசிகிறது. கசிந்தால் வால்வு தன் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுத்துச் சிவக்கிறது. முதலிலே குரல் கரகரக்கிறது, கடைசியிலே டிரான்ஸ்போமரும் எரிகிறது. ஆகையால் இந்தப் பிரதேசத்துப் பெட்டி எதுவானாலும், கேள்வி கேட்காமல் அந்த ஒரு கண்டென்சரை மாற்றிய பிறகே மற்ற விசாரணை என்பது அவர் தம் குருவிடம் கற்ற விதி. மற்றொரு சத்துரு இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் தோறும் முழங்கும் இடிமின்னலுக்கு, லயத்துக் கூரையிலிருந்து பலாமரத்துக்கு இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி ஓர் அழைப்பிதழ்.

1970க்குப் பின் இறக்குமதித் தடையினாலே வால்வும் டிரான்ஸிஸ்டரும் அருமையானபோது, ஒரு பெட்டியைக் கொன்று மூன்றைப் பிழைக்கவைத்தார்களாம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் புறப்பட்ட குடும்பங்கள், தலைமன்னாரில் கப்பலேறுமுன் ரேடியோவை விற்றுவிட்டுப் போனதும் உண்டு, புதுப் பற்றரி போட்டு மடியிலே வைத்துக்கொண்டு போனதும் உண்டு. 1977இல் இறக்குமதி திறந்தபின் ஜப்பானிய கசெட் ரேடியோ வந்தது. 1983 ஜூலைக் கலவரத்திலே அவருடைய முதற் கடை எரிந்தது. சாமான்களைப் பற்றி அவர் பேசவில்லை. எரிந்துபோன சர்க்கிட் படங்களைப் பற்றியே பேசினார். அந்தப் படங்களை ஞாபகத்திலிருந்து திரும்ப வரைந்து வைத்த அப்பியாசக் கொப்பியை எடுத்துக் காட்டினார். பென்சில் கோடுகள், தமிழிலே எழுதிய வால்வு இலக்கங்கள், சில இடங்களில் சிங்களக் குறிப்புகள். பொறியியற் பட்டதாரி எவரும் வெட்கப்படத்தக்க சுத்தம்.

பேச்சற்ற பெட்டிக்குத் திரும்பினோம். “மைக்கச் செருகு தம்பி” என்றார். இவ்வகைப் பெட்டிகள் பலவற்றிலே கேட்கும் ஒலியும் மைக்கின் பிளக் வழியாகவே சுற்றி வருகிறது. மைக் இல்லையேல் பெட்டி செவிடு. செருகியதும் இரைச்சல் வந்தது. வயரைச் சற்று அசைத்ததும் மறைந்தது. பிளக்கின் பொடி ஆணிகளைக் கழற்றிப் பார்த்தபோது, சுருள் வயர் பிளக்குக்குள் நுழையும் இடத்திலே, ஆயிரம் தரம் மடங்கி நிமிர்ந்த செப்பிழைகள் பாசி நிறமாகி இரண்டே இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. கெட்ட பகுதியை வெட்டியெறிந்து, தோலுரித்து, ஒவ்வோர் இழைக் கற்றைக்கும் முன்னதாகவே ஈயம் ஏற்றி, நான்கு முள்ளிலும் ஒரே அளவான பளபளக்கும் துளியாகப் பற்றவைத்தார். நான் டோர்ச் பிடித்தேன். அவருடைய கை நடுங்குகிற கைதான். சூட்டுக்கோல் முள்ளைத் தொடும் அந்த ஒரு விநாடிக்கு மட்டும் நடுங்கவில்லை.

கேட்கும் பகுதி மந்தமாக இருந்ததற்கு ஏரியல் வாயிலிலே மின்னலடித்துச் செத்த ஒரு டிரான்ஸிஸ்டர் காரணம். அதற்குச் சமமானது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து முன்னமே வாங்கி வைத்த டப்பாவிலே அகப்பட்டது. தீராத குறை ஒன்று மிஞ்சியது. முன்பு யாரோ ஒரு புத்திசாலி, ஒலி குறைந்தபோது காயில்களுக்குள்ளிருக்கும் கருப்பு மரையாணிகளை இரும்புத் திருப்புளியால் திருகியிருக்கிறான். ஒன்று உள்ளேயே பிளந்து இறுகிவிட்டது. மற்றவற்றைப் பிளாஸ்டிக் கோலால் இரைச்சலின் ஏற்றம் பார்த்துச் சரிப்படுத்திய பாஸ், அந்த ஒன்றைத் தொடவில்லை. அந்தக் குறையைக் கொப்பியிலே குறித்துக்கொண்டார்.

ஏரியல் இல்லாமல் அனுப்பிப் பார்ப்பது, அனுப்பும் டிரான்ஸிஸ்டரை வேண்டுமென்றே எரிப்பதாகும். ஏரியலோடு கடைத்தெருவிலே அனுப்புவது சட்டவிரோதம். ஆகவே ஏரியல் குழியிலே ஒரு சிறு பல்பைப் பற்றவைத்தார். பையன் மைக்கின் பொத்தானை அழுத்தினான்; பல்பு மங்கலாக எரிந்தது. “பேசு.” அவன் வெட்கத்தோடு, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றான். ஒவ்வோர் எண்ணுக்கும் பல்பு ஒரு படி கூடிக் குறைந்தது. அனுப்புகிற அலையின் மேல் குரல் ஏறுகிறது என்பதற்கு அதைவிட மலிவான நிரூபணம் கிடையாது.

கூலியாக அவர் சொன்ன தொகை, கொழும்பிலே ஒரு கைத்தொலைபேசியின் உடைந்த கண்ணாடியை மாற்றக் கொடுப்பதிலும் குறைவு. அந்தப் பையனும் தைப்பொங்கலுக்குப் பின் கைத்தொலைபேசி திருத்தக் கற்கப் போகிறானாம். அதிலே பிழைப்பு உண்டு, குறை சொல்ல எனக்கு நியாயமில்லை. ஆயினும் அந்த அப்பியாசக் கொப்பி மழையிலே ஊறிப் போகுமுன், நம்முடைய தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஒன்றேனும் அதன் பக்கங்களைப் படமெடுத்து வைக்க முன்வருமானால் நல்லது. பரணிலே பழைய ரேடியோ வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: பல வருஷம் உறங்கிய பெட்டியைத் தூசி தட்டியவுடன் நேரே மின்சாரத்திலே செருகிவிடாதீர்கள். பல்புப் பலகை வைத்திருக்கிற ஒரு பாஸிடம் முதலிலே கொண்டுபோங்கள். இதற்கு முந்தி யார் கை வைத்தது என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.