உப்புக் காற்றில் ஒரு மொறிஸ் மைனர்

காரைப் பார்க்கப் பாப்பாமோட்டைக்குப் போன எனக்கு அந்த மெக்கானிக் முதலில் காட்டியது ஒரு ஈர்க்கு. ஓலை கிழித்து, நுனி சீவி, பேனை செருகுவதுபோலச் சட்டைப் பையில் செருகி வைத்திருந்தார். கார்க் கதவைத் திறந்து குந்தியிருந்து, அதன் அடிவிளிம்பில் இருந்த சின்னத் துவாரத்துக்குள் ஈர்க்கை விட்டு ஆட்டினார். மணலும் துருப்பொடியும் கொட்டின. பின்னாலே இரண்டு சொட்டுத் தண்ணீர்.

"கண்ணாடி வழிய இறங்கிற மழைத்தண்ணி உதுக்குள்ளாலைதான் வெளியிலை போகவேணும், தம்பி. உது அடைச்சுதெண்டால் கதவு உள்ளுக்கை இருந்து உக்கும். வெளியிலை தெரியேக்கை காரியம் முடிஞ்சிருக்கும்."

பாப்பாமோட்டை மன்னார்த் தீவுக்குள் இல்லை. தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் கிடக்கிறது. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்தபிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று ஏ-32 வீதியில் நேரே இறங்கிவிடலாம். நான் போனது சோளகம் வீசும் மாதம். சைக்கிள் செயின், கேற்றுக் கீல், கிணற்றுக் கப்பி என்று அந்த ஊரில் இரும்பாலான எதைத் தொட்டாலும் கையில் செம்பொடி ஒட்டியது. இப்படியொரு இடத்தில் அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட இங்கிலீஷ் காரை வைத்திருப்பதென்றால் ஒன்றில் பைத்தியமாக இருக்கவேண்டும், அல்லது தொழில் தெரிந்திருக்கவேண்டும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்றார் அவருடைய மனைவி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபடி.

கார், 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. 948 சீசீ எஞ்சின். ஓலைக் கொட்டிலுக்குள், நாலு சில்லும் கழற்றி, மரக்கட்டைகளில் ஏற்றி நின்றது. ஒரு பக்கம் பழைய சாம்பல் நிறம், மறுபக்கம் சிவப்பு ஒக்சைட். இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ; 1958இல் வடக்கும் கிழக்கும் எதிர்த்துப் போராடிய அதே எழுத்து. அதற்கு முந்திய கார்களில் 'சிலோன்' என்ற இங்கிலீஷ் சொல்லிலிருந்து எடுத்த சோடி எழுத்துகள் இருக்கும்; பழைய கார்ப் பிரியர்கள் அவற்றுக்குத் தனி மரியாதை கொடுப்பார்கள். இவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "எழுத்து ஓடாது, சில்லுத்தான் ஓடும்."

இந்தக் காரின் எஞ்சின் மூடியை ஒருமுறை தடவிப் பாருங்கள். நடுவில், முன்னிருந்து பின்னாக, ஒரு பட்டி புடைத்து நிற்கும். அலெக் இஸிகோனிஸ் என்ற வடிவமைப்பாளர் முதல் மாதிரியைப் பார்த்து, ஒடுங்கிப் போயிற்றே என்று அதை நெடுக்காக இரண்டாய் வெட்டச் சொல்லி, நாலு இஞ்சி விலக்கிவைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டாராம். அந்த நாலு இஞ்சியின் தழும்புதான் அது. 1948இல் வெளிவந்து, 1960 முடிவதற்குள் பத்து லட்சம் கார்கள் ஆகிவிட்டன. பிறக்கும்போதே வெட்டி ஒட்டிய கார் என்பதாலோ என்னவோ, வெட்டி ஒட்டுகிற கைகளுக்கு நன்றாக வளைந்துகொடுக்கிறது.

அவர் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெய்க் காலத்தில். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வரவில்லை, பற்றரி வரவில்லை. நவீன எஞ்சின்கள் படுத்துவிட்டன. பழைய ஒஸ்ரின் கேம்பிரிஜ், ஏ-40, மொறிஸ் எல்லாம் எழும்பி ஓடின. அமுக்கம் குறைந்த எஞ்சின்கள் அவை, மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டன. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்து, காபரேற்றருக்குள் பீச்சி எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 'சூப்பி' என்று அதற்குப் பெயர். பால் குடிக்கிற பிள்ளையின் சொல்லைக் காருக்குக் கொடுத்த ஊர்.

இந்தக் கதையைக் கேட்டாலே நம்மவர்களுக்கு நெஞ்சு நிமிரும். நானும் நிமிர்த்திக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது எஞ்சினைக் கொண்ட காலம் தம்பி. எரியாத எண்ணெய் சிலிண்டர் வழிய வழிஞ்சு ஒயிலுக்குள்ளை இறங்கும். ஒயில் தண்ணியாப் போகும். பேரிங் தேயும். நான் கழட்டின எஞ்சின் ஒவ்வொண்டும் எனக்குத் தெரியும். வேறை வழி இல்லாமல் செய்தது. பெருமைக்குச் செய்யேல்லை."

அதே மண்ணெண்ணெய்க் காலத்தில், 1991இல், தெற்கே இன்னொன்று நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென்றே நிலையம் வைத்திருந்த சார்ள்ஸ் வெயார், இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து 'டியூரபிள் கார் கொம்பனி' என்று தொடங்கி, மைனருக்கான தகரப் பாகங்களை இங்கே அடித்து அங்கே அனுப்பினார். ஒரே தீவின் ஒரு முனையில் மைனருக்குப் புதுத் தகரம் அடிக்கிறார்கள். மறுமுனையில் அதற்கு ஊற்றப் பெற்றோல் இல்லை. இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்தத் தகரம் என்ன கேஜ்?" என்றுதான் கேட்டார்.

அவருடைய தகரம் ஒயில் பரல். பழைய பரலை வெட்டி, விரித்து, சமப்படுத்தி எடுத்தால் தடிப்புக் காருக்குப் பொருந்துகிறது என்கிறார். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது கதவுக்குக் கீழே நெடுக ஓடும் படிப்பெட்டியின் வேலை. மைனருக்கு லொறிபோலத் தனிச் சேசிஸ் கிடையாது. உடம்பே சுமை தாங்குகிறது. படிப்பெட்டி உக்கினால் கார் நடுவில் தொய்யும். ஆகையால் கதவைக் கழற்றாமல், பூட்டியபடியே வைத்து ஒட்டுகிறார். மருமகன் தகட்டைப் பிடிக்க, இவர் ஒரு பொட்டு வைப்பார்; ஒரு முழம் தள்ளி இன்னொரு பொட்டு; திரும்பி வந்து இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஒரே இழுவையாய் ஒட்டினால் சூட்டில் தகரம் அப்பளமாய் நெளியும். ஐந்தாறு பொட்டுக்கு ஒருதரம் கதவைச் சாத்தித் திறந்து பார்ப்பார். இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா? விரல் நகத்தை வைத்து ஓட்டுவார். ஓரிடத்தில் நகம் தட்டியது. வைத்த பொட்டு மூன்றையும் கிரைண்டரால் அறுத்துவிட்டு, ஜாக்கியை அரைச் சுற்று ஏற்றித் திரும்பவும் தொடங்கினார். பின்னேரம் மூன்று மணிவரை ஒரு முழத் தகரம்கூட முடியவில்லை. மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது. வெற்றிலை வாங்கவென்று எழும்பிப் போனான்.

எனக்கு இது கொஞ்சம் சுடவும் செய்தது. சில வருஷங்களுக்கு முன் என்னுடைய பழைய காரை ஒரு கராஜில் கொடுத்து, கண்ணாடிபோலப் பெயின்ற் அடித்து வாங்கினேன். முதல் மாரியிலேயே சில்லுக்கு மேலே கொப்புளம் போட்டது. சுரண்டினால் அரை இஞ்சித் தடிப்பில் பட்டி. அதற்குக் கீழே தகரமே இல்லை. இவரிடம் சொன்னேன். "பெயின்ற் கடைசி. கை நீட்டிக் காசு வாங்கிறவனுக்கு அது முதல்" என்று முடித்துவிட்டார்.

அவருடைய கணக்கு அடியில் தொடங்குகிறது: பிறேக், ஸ்ரியரிங், முன்சில்லைத் தாங்கும் மூட்டு, அதற்குப்பிறகு உடம்பு, அதற்கும் பிறகுதான் எஞ்சின். கிடைக்காத சாமானுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தை. அங்கேயும் விலை ஏறித்தான் கிடக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு, சொந்தப் பாவனைக் கார்களுக்குத் திரும்ப வழிவிட்டது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷத்தில் தகரக் குப்பைக்கும் மவுசு வந்துவிட்டது. இந்தக் காருக்காக இதுவரை வீட்டில் இருந்து போனது ஏழு ஆடு என்று அவருடைய மனைவி கணக்கு வைத்திருக்கிறார்.

முன்மூட்டுக்குக் கிறீஸ் அடிக்க என்னையும் கீழே படுக்கச் சொன்னார். மைனரின் பலவீனம் அந்த அடிமூட்டு. மரைபோட்ட பித்தளைத் துண்டு ஒன்று சில்லின் பாரத்தைத் தாங்குகிறது; கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஓடுகிற காரில் சில்லு மடங்கிப் படுத்துவிடும். கிறீஸ் கன்னை நிப்பிளில் பூட்டி அழுத்தினேன். முதலில் வந்தது கறுப்பு. நறநறவென்று மண்ணும் உப்பும். "இன்னும்." பிறகு பழுப்பு. "இன்னும்." தேன் நிறத்தில் சுத்தமாய் வழிந்தபோதுதான் போதும் என்றார். புத்தகம் சொல்கிற தூரத்துக்கு ஒருதரம் அல்ல, இந்தக் கரையில் மாதத்துக்கு ஒருதரம். அடித்தளம் முழுக்கக் கழிவு ஒயிலில் மெழுகு உருக்கிப் பூசியிருந்தார், பிறேக் றப்பர்களில் படாமல் துணி சுற்றிவிட்டு. கிணற்றுத் தண்ணியால் காரைக் கழுவுவதே இல்லை. கிணறு சவர்.

கொட்டிலுக்கு வெளியே இன்னொரு மைனர் நின்றது, ஓடுகிற கார். பற்றரியில் சிவப்பு வயர் உடம்பில் பூட்டியிருந்தது. நான் வாய் திறக்குமுன், "இந்தக் காலத்துக் காருக்குக் கறுப்பு, இதுக்குச் சிவப்புத்தான் ஏர்த். மாத்திக் கொழுவி எத்தினை டயனமோ எரிச்சாங்கள்" என்றார். விசையை இழுத்தார். இரண்டாம் இழுவையில் பிடித்துக்கொண்டது.

திருக்கேதீச்சரம் திரும்பும் சந்திவரை போய் வந்தோம். நாற்பதைத் தாண்டவில்லை. திரும்பி வரும்போது ஒழுங்கைக்கு வலப்பக்கம் திரும்பவேண்டும். பின்னால் மன்னாரில் இருந்து வந்த பஸ், ஹோர்ன் அடித்தபடி. 1961க்கு முந்திய மைனரில் மினுங்கும் சிக்னல் கிடையாது; கதவுத் தூணுக்குள் இருந்து ஒரு சின்னக் கை எழும்பி நீளும். சுவிற்சைத் திருப்பினார். கை எழும்பவில்லை. முஷ்டியால் தூணில் ஒரு குத்து விட்டார். செம்மஞ்சள் வெளிச்சத்தோடு அது எழும்பி நின்றது.

பஸ்காரனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. அதனால் தன் கையையும் வெளியே நீட்டினார்.